சுவரைப் பார்க்கிற ஊர்

ஒரு வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது எனக்குக் கொஞ்சம் கௌரவம். புனேயில், ஜூன் மாதத்தில், வானம் கறுத்து நின்ற ஒரு காலையில், நான் குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடிக்குப் போய், மழைநீர் இறங்கும் குழாயின் வாயில் பழைய பெட்ஷீட் ஒன்றைச் சுருட்டித் திணித்து அடைத்துவிட்டு, மிகுந்த மனநிறைவோடு ஆபீசுக்குப் போனவன் நான். மழையைப் பற்றி நாலைந்து புத்தகங்கள் படித்தவன். மேற்கு மலை எப்படி மேகத்தை மறித்து நிறுத்துகிறது என்று, வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காபி ஆறும்வரை விளக்கக்கூடியவன். அந்த மலைக்கு என் வீடு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

எங்கள் கோவில்பட்டிப் பக்கம் மழை இருட்டினால் ஜனங்கள் வானத்தைப் பார்ப்பார்கள். இங்கே சுவரைப் பார்க்கிறார்கள். மே மாதக் கடைசியில், வெயில் இன்னும் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும்போதே, நாங்கள் இருக்கும் வானவடிப் பகுதியின் தெருக்களில் வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று தங்கள் சுவரையே அண்ணாந்து பார்ப்பதைக் காணலாம். ஜன்னலுக்கு மேலே நீலத் தார்ப்பாய் கட்டுவார்கள். விரிசல்களில் வெள்ளையாக எதையோ பூசுவார்கள். பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தால் நலம் விசாரிப்பதற்குமுன் “லீகேஜ் பார்த்தாச்சா?” என்று விசாரிப்பார்கள். பல வருடம் நான் இதை ஒரு வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது நாங்கள் இருந்தது அரசாங்கக் குவார்ட்டர்ஸில், தரைத்தளத்தில். ஒழுகினால் அரசாங்கம் ஒழுகுகிறது என்று இருந்துவிடலாம். இரண்டு பக்கமும் தமிழ்க் குடும்பங்கள். ஒரு வீட்டில் வேலூர்க்காரர்கள், இன்னொன்றில் திருச்சிக்காரர்கள். என் மனைவி செண்பகம் ஒரு கரண்டி புளிக்கரைசலுக்காகப் பக்கத்து வீட்டுக்குப் போனால் கரண்டி திரும்பிவர ஒரு மணி நேரமாகும்.

பணி ஓய்வுக்கு இன்னும் சில வருடம் இருக்கும்போது, ‘சொந்த வீடு’ என்கிற ஆசை எனக்குள் புகுந்தது. பழைய கட்டடம் ஒன்றில் மேல்தள ஃபிளாட் மலிவாக வந்தது. ஏன் மலிவு என்று நான் கேட்கவில்லை. தலைக்குமேல் யாரும் நடக்கமாட்டார்கள், மொட்டை மாடி கைக்கு எட்டும் தூரம், சொந்தமாக ஒரு துண்டு வானம் என்று செண்பகத்திடம் விரிவாகப் பேசினேன். வீட்டைக் காட்டிய புரோக்கர் என்னை ஒருவித வாஞ்சையோடு பார்த்தார். இந்த ஊர்க்காரன் எவனும் மேல்தளம் வாங்கமாட்டான் என்பது அந்த வாஞ்சைக்குப் பொருள். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது.

அந்த பெட்ஷீட் விவகாரத்துக்கு வருகிறேன். கோவில்பட்டியில் நாங்கள் வளர்ந்த காலத்தில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. வந்தால் வாரத்துக்கு ஒரு நாள். கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் பருப்பைப் போட்டால் சாயங்காலம்வரை கல்லாகவே கிடக்கும். மழை பெய்தால் வீட்டிலிருக்கும் அண்டா, குண்டான், தூக்குவாளி எல்லாம் கூரை விளிம்புக்கு ஓடும். தீப்பெட்டி ஆபீஸ்காரர்களுக்கு மழை நஷ்டம். குச்சி காயாது. ஆனாலும் அவர்கள் வீட்டு அண்டாவும் வெளியேதான் இருக்கும். மழைத் தண்ணீரில் வேகும் பருப்புக்கு ஒரு தனி மெது உண்டு. புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று செண்பகம் சொன்னாள், “இந்த வீட்டுல எனக்கு வேற ஒண்ணும் வேண்டாங்க. மாடியில ஒரு டிரம் வச்சு மழத்தண்ணி பிடிச்சுத் தந்தாப் போதும். பருப்பு பூ மாதிரி வேகும்.”

வாழ்க்கையில் அவள் என்னிடம் கேட்ட பொருள்கள் குறைவு. உடனே ஒரு பெரிய நீல டிரம் வாங்கி மாடியில் வைத்தேன். அவள் அதற்கு மஞ்சள் குங்குமம் இட்டாள். எங்கள் வீட்டில் புதிதாக நுழையும் எந்தப் பொருளும் பொட்டில்லாமல் வேலையைத் தொடங்குவதில்லை. என் திட்டம் எளிமையானது. குழாய் வாயை அடைத்தால் மாடியில் தண்ணீர் கணுக்கால் அளவு நிற்கும். சாயங்காலம் வந்து வாளியால் மொண்டு டிரம்மில் ஊற்றவேண்டியது. பிறகு அடைப்பை எடுத்துவிடவேண்டியது. இந்தத் திட்டத்தில் ஒரே ஓட்டை, மழை என்றால் எனக்கு இருபது நிமிடம் என்பதுதான். கரிசல் மண்ணில் பிறந்தவன் அறிந்த மழை அது. இரைந்து வரும், கொட்டும், நிற்கும். பிறகு வெயிலடிக்கும். மழை என்பது முடிகிற ஒரு சமாச்சாரம் என்று என் உடம்பில் எழுதியிருந்தது.

அன்று தொடங்கியது முடியவில்லை. ஆபீசிலிருந்து திரும்பியபோது தெருவே ஓடிக்கொண்டிருந்தது. மாடிக் கதவைத் திறந்தேன். குளம். டிரம் அதில் மெல்லச் சுற்றிக்கொண்டு மிதந்தது, குங்குமப் பொட்டோடு. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர். குழாய் இருந்த மூலைக்குப் போய்க் கைவிட்டுத் துழாவினேன். பெட்ஷீட் ஊறிப் பருத்து, குழாய் அதை உள்ளே இழுத்துப் பிடித்திருந்தது. நுனிகூடக் கைக்கு வரவில்லை. மறுநாள் எங்கள் தளத்திலேயே எதிர் ஃபிளாட்டில் இருக்கும் ஷிந்தே கம்பி கொண்டுவந்து, திட்டாமல், முனகாமல், துண்டு துண்டாக அதைப் பிடுங்கி எடுத்தார். அதற்குள் எங்கள் கூரை வேண்டிய மட்டும் குடித்துவிட்டிருந்தது.

ஷிந்தே ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர். என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவார். இந்த ஊரில் தெற்கேயிருந்து வந்த ஆண்பிள்ளை எல்லோருக்கும் அதுதான் பெயர். எங்கள் பேச்சு இந்தியில் நடக்கும். அவருடையது மராட்டி இந்தி, என்னுடையது வாக்கியத்துக்கு வாக்கியம் பால் மாறுகிற இந்தி. அவர் வீட்டுக் கூரையிலும் ஈரம் இறங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்கப் போனேன்.

“நான் மத்தியானமே பார்த்தேன் அண்ணா,” என்றார். “காயப்போட்ட துணியை எடுக்கப் போனேன். குழாயில் துணி, பக்கத்தில் குங்குமம் வைத்த டிரம். எடுத்துவிடலாமா என்று கைகூட வைத்தேன்.”

“எடுத்திருக்கலாமே?”

“உங்கள் பக்கத்து ஏதோ பூஜை என்று நினைத்தேன். அடுத்தவர் பூஜையில் கை வைக்கலாமா?”

அவர் மனைவி உள்ளேயிருந்து, “நான்தான் இவரிடம் தொடாதீர்கள் என்றேன்,” என்று சேர்ந்துகொண்டாள். அவர்கள் முகத்தில் கேலி இல்லை. பிற மதத்தவர், பிற மாநிலத்தவர் நம்பிக்கையை மதிப்பது பற்றி நான் எத்தனையோ கூட்டங்களில் கைதட்டியிருக்கிறேன். அது என் தலைமேலேயே இப்படித் தேங்கி நிற்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

நகரின் மறுகோடியில், கராடியில் தங்கி ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் எங்கள் மகள் நித்யா போன் செய்தாள். அவள் தமிழ் படியிறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொள்வதுபோல அங்கங்கே ஆங்கிலத்தைப் பிடித்துக்கொள்ளும். “அப்பா, டிரெயினை நீங்களே பிளாக் பண்ணீங்களா? ஆன் பர்ப்பஸ்?” என்றாள். ஆமாம் என்றேன். பிறகு, “அம்மாக்கிட்ட கொடுங்க,” என்றாள்.

முதலில் படுக்கையறைக் கூரையில் தேநீர் நிறத்தில் ஒரு கறை வந்தது. ஏதோ ஒரு நாட்டின் வரைபடம்போல இருக்கிறது என்று ரசித்தேன். அந்த நாடு அண்டை நாடுகளைப் பிடித்துக்கொண்டே வந்தது. ஜூலையில் அது சுவருக்கு இறங்கியது. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உதிர்ந்தது. பிறகு கட்டில் தலைமாட்டில் கறுப்புப் புள்ளிகள். துடைத்தால் போகும், இரண்டு நாளில் இன்னும் நெருக்கமாக வரும். துணி, தலையணை, அரிசி எல்லாவற்றிலும் ஒரே வாடை. செண்பகத்துக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு உண்டு. குவார்ட்டர்ஸில் இருந்தபோது வருடத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கும். இங்கே அது குடிவந்தது. சமையலறையிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் நின்று மூச்சு வாங்குவாள். பேச்சு குறைந்தது. பாதி வாக்கியத்தில் கையை அசைத்து மீதியை என்னிடம் விட்டுவிடுவாள்.

டாக்டரம்மா மராட்டிக்காரர். நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார், பிறகு வீட்டைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். குழாயை யார் அடைத்தது என்பதை மட்டும் பொதுவாகச் சொன்னேன்.

“பூஞ்சைதான். அந்த அறையைப் பூட்டுங்கள். முடிந்தால் மழை முடியும்வரை இவரை ஈரமில்லாத எங்கேயாவது அனுப்புங்கள். உங்கள் சொந்த ஊர் எப்படி?”

“ஈரத்துக்கு ஏங்கும் ஊர்,” என்றேன்.

“அப்படியென்றால் அதுதான் மருந்து,” என்றார். மாத்திரைச் சீட்டில் எங்கள் ஊர்ப் பெயரை எழுதவில்லை, அவ்வளவுதான்.

நித்யா டிக்கெட் போட்டாள். கோவில்பட்டியில் தன் அண்ணன் சங்கரலிங்கம் வீட்டுக்குச் செண்பகம் கிளம்பினாள். புனே ஸ்டேஷனில் ஏறும்போது அவள் சொன்னது, “சுவர் காஞ்சதும் சொல்லுங்க, வந்துருதேன்.” அதைவிடத் தெளிவான ஒரு கட்டளை எனக்கு ஆபீசில்கூட வந்ததில்லை. சுவரைக் காயவைத்தால் மனைவி வருவாள். அன்றிலிருந்து நானும் இந்த ஊர்க்காரன் ஆனேன். சுவரைப் பார்க்கத் தொடங்கினேன். காலையில் எழுந்ததும் உள்ளங்கையை அதில் வைத்துப் பார்ப்பேன், காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுவதுபோல.

மழைக்காலத்தில் மேலே எந்த வேலையும் செய்ய முடியாது என்று எல்லாக் காண்டிராக்டரும் கையை விரித்தார்கள். “தீவாளி வரட்டும் சாப்.” அதுவரை மாடியில் தார்ப்பாயை விரித்துச் செங்கல் வைத்தேன். காற்று செங்கலையும் மதிக்கவில்லை. அறையில் டேபிள் ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்து நாள் முழுக்க ஓடவிட்டேன். கிண்ணம் கிண்ணமாகக் கல்லுப்பு வைத்தேன். கரி வைத்தேன். யாரோ சொன்னார்கள் என்று கற்பூரமும் வைத்தேன். உள்ளே எட்டிப்பார்த்த ஷிந்தே கையைக் குவித்து ஒரு நொடி நின்றார். இது பூஜை இல்லை என்று விளக்க எனக்குத் தெம்பில்லை.

சாயங்காலம் வீடியோ காலில் பேசுவோம். “சுவரு எப்படி இருக்கு?” என்பாள். நான் போனைத் திருப்பிச் சுவரைக் காட்டுவேன். மேல் மூலை, கீழ் மூலை, ஜன்னலோரம். “அந்தக் கறுப்பு கொறஞ்ச மாதிரிதான் இருக்கு,” என்பாள். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்க மறந்துவிடுவாள். அவள் எப்படி இருக்கிறாள் என்று நானும் கேட்பேன்தான், ஆனால் சுவரைக் காட்டி முடித்த பிறகு. அவள் குரல் வாரத்துக்கு வாரம் தெளிந்துகொண்டு வந்தது. பின்னால் யாராவது சிரிப்பார்கள். ‘மதினி, இங்க வா’ என்று கூப்பிடுவார்கள். “சரி, வைக்கட்டுமா?” என்பாள். சிவந்த பொத்தானை அழுத்திய பிறகு எனக்கு எதிரில் இருந்தது சுவர்தான்.

தீபாவளி முடிந்து காண்டிராக்டர் வந்தார். மாடித் தரையைக் கொத்தி எடுத்து, காயவிட்டு, செங்கல் ஜல்லியும் சிமெண்டுமாகப் புதுத் தளம் போட்டார். வேலை முடிந்தது என்று மேலே போய்ப் பார்த்தேன். அவருடைய ஆள் மழைநீர்க் குழாயின் வாயில் சாக்கைத் திணித்துக்கொண்டிருந்தான். மாடி முழுக்கத் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது.

“என்ன செய்கிறீர்கள்?”

“டெஸ்ட், சாப்,” என்றார் காண்டிராக்டர். “குழாயை அடைத்துச் சில நாள் தண்ணீர் நிறுத்துவோம். கீழே இறங்கவில்லை என்றால் வேலை சுத்தம்.”

“இதை நான் ஜூன் மாதமே செய்து பார்த்துவிட்டேன்.”

“அச்சா,” என்றார் மரியாதையாக. “ரிசல்ட் என்ன வந்தது?”

ரிசல்ட் கோவில்பட்டியில் இருக்கிறது என்று சொல்லவில்லை. இந்த முறை ஒரு சொட்டும் இறங்கவில்லை. கீழே புதுப் பூச்சு, புது வெள்ளை. அறைக்கு இப்போது புதுத் துணிக்கடை வாசம். சுவரில் கை வைத்தால் சுவர் மாதிரி மட்டும் இருந்தது. லீவு போட்டேன், அவளை அழைத்துவர ரயிலேறினேன்.

நான் மறந்துபோன ஒன்று உண்டு. புனேயில் வானம் வெளுக்கிற மாதத்தில்தான் எங்கள் ஊரில் அது கறுக்கும். விடியலில் கோவில்பட்டியில் இறங்கும்போது நல்ல மழை. இருபது நிமிட மழை அல்ல, வருடத்துக்கு ஒரு தடவை புயல் எங்கேயோ கரை தேடும்போது வருகிற அடைமழை. மைத்துனர் வீடு எங்கள் வீட்டைவிடப் பழையது. வாசலில் நின்ற சங்கரலிங்கம், “வாங்க மாப்ள, அங்க மிச்சம் இருந்த மழையையும் கையோட கூட்டிட்டு வந்துட்டியளாக்கும்,” என்றார். உள்ளே பார்த்தேன். கூடத்தில், தாழ்வாரத்தில், கட்டில்மேல், எங்கும் பாத்திரங்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சுருதியில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. செண்பகம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு அண்டாவை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தாள். பல மாதம் கழித்துப் பார்க்கிற புருஷனிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை, “அந்தப் பக்கத்தப் பிடிங்க, இங்கிட்டு நகத்தணும்,” என்பது.

பிடித்தேன். நகர்த்தினோம். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. எனக்குத்தான் வாங்கியது.

அவள் படுக்கிற அறையின் சுவரைப் பார்த்தேன். இப்போது அது எனக்குத் தொழிலாகிவிட்டது. கீழிருந்து இடுப்பளவுக்கு ஈரம். மூலையில் அதே கறுப்புப் புள்ளிகள், எங்கள் வீட்டில் இருந்ததைவிடத் திடமாக, பல வருட அனுபவத்தோடு. டாக்டரம்மா பார்த்தால் வாசலிலேயே திரும்பியிருப்பார். இந்தப் பூஞ்சைக்குத் தமிழ் தெரியும் போலிருக்கிறது, ஆளை ஒன்றும் செய்யவில்லை என்று எனக்குள் ஒரு நகைச்சுவையைச் சொல்லிக்கொண்டேன். சிரிப்பு வரவில்லை.

மழை கொஞ்சம் ஓய்ந்தபோது அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“வீடு நல்லாக் காஞ்சிருச்சு, செண்பகம். இனி எத்தன மழ பேஞ்சாலும் ஒண்ணும் ஆகாது.”

“போன்ல பாத்தேன்லா. நல்லா வெள்ளையா இருக்கு.”

“இழுப்பு?”

“அது எங்க போச்சுன்னே தெரியலங்க.”

“இந்தச் சுவரும் ஈரமாத்தான இருக்கு?”

“ஆமா. நானும் அதத்தான் யோசிச்சேன்.” நிறைந்த சட்டியை எடுத்து வாளியில் ஊற்றிவிட்டு, திரும்பச் சொட்டுக்கு நேராக வைத்தாள். “குவார்ட்டர்ஸ்ல இருந்தமட்டுக்கும் தெரியலங்க. புது வீட்டுக்கு வந்த பெறகு, நீங்க ஆபீஸ் போனா நான் யார்ட்டப் பேசுவேன்? காய்க்காரன்ட்ட கால் கிலோவுக்கு ‘பாவ் கிலோ’ன்னு சொல்லுவேன். எதுத்த வீட்டம்மா என்னமாங் கேட்டா ஆமா ஆமாங்கதுக்கு ‘ஹோ, ஹோ’ன்னு தலைய ஆட்டுவேன். அம்புட்டுதான். சாயந்தரம் நீங்க வந்து என்னன்னு கேக்கும்போது தொண்டையில சத்தம் வர நேரமாகும். அதையும் நீங்க இழுப்புன்னு நெனச்சிட்டீங்களோ என்னமோ.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“கேட்டாச் சொல்லியிருப்பேன். நீங்க சுவரத்தான பாத்துட்டு இருந்தீங்க.”

அவள் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சட்டி நிறைந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். டிக்கெட் போடட்டுமா என்று கேட்டேன். அவள் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. அப்படி முகத்துக்கு நேரே சொல்லிப் பழக்கமில்லாதவள். “தை பொறக்கட்டும், பாப்போம்,” என்றாள். எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். மத்தியானம் அவள் வைத்த பருப்புக் குழம்பு பூப்போல வெந்திருந்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

தனியாகத் திரும்பினேன். சோலாப்பூர் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே காய்ந்த வயல்களும் சுத்தமான வானமும். புனே வீட்டில் பூட்டைத் திறந்து உள்ளே போனால், அப்படியொரு ஈரமற்ற வீடு. அப்பளத்தைத் திறந்து வைத்தாலும் நமத்துப்போகாது. இப்போதும் சாயங்காலம் பேசுகிறோம். சுவரைக் காட்டும் வேலை இல்லை என்பதால் வீடியோ இல்லாமல் பேசுகிறோம். அவள் பேச்சுக்கு நடுவே எழுந்து போவாள், போன் அங்கேயே கிடக்கும். அப்போது எனக்கு அவர்கள் கூடத்துச் சொட்டுகள் கேட்கும். அண்டாவில் ஒன்று, சட்டியில் ஒன்று, எதிலும் படாமல் தரையில் விழுகிற ஒன்று. நான் இந்தக் காய்ந்த அறையில், வெள்ளைச் சுவருக்கு எதிரே, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒழுகுகிற ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பேன். அவள் திரும்பி வந்து, “இருக்கீங்களா?” என்பாள். இருக்கிறேன் என்பேன். எங்கே என்று அவள் கேட்டதில்லை.

ஊரிலிருந்து வந்த மறுநாள் ஷிந்தே வேலையைப் பார்வையிட வந்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். சுவரில் விரலை மடக்கித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். செண்பகத்தை அவர் ‘பாபி’, அண்ணி, என்பார்; பாபி எப்போது வருகிறார் என்று விசாரித்தார். தை மாதத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் ராணுவத்தில் பாதி வாழ்க்கையைக் குடும்பமில்லாமல் கழித்தவர், வேறொன்றும் கேட்கவில்லை. செருப்பை மாட்டும்போது சொன்னார்:

“கவலையை விடுங்கள் அண்ணா. இனி இந்த வீட்டில் நனைவதற்கு, குளித்துத் துவட்டுகிற உங்கள் ஒற்றைத் துண்டைத் தவிர என்ன இருக்கிறது?”